ஏழாம் கேள்வி

புதன்கிழமை மூன்று மணிக்கு லிஃப்ட்காரரைக் கூப்பிட வேண்டும். என் பட்டியலில் அவர் பெயர் கிடையாது, ஓர் எண் மட்டும்தான் இருக்கும். நாற்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன் என்று முதல் நாளே அவராகச் சொன்னதால் எனக்குள் அவர் லிஃப்ட்காரர் ஆகிவிட்டார்.

நான் வேலை பார்த்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கட்டடத்தில், மூன்றாவது மாடியில். புராஸ்டேட் புற்றுநோய் முற்றி எலும்பு வரை போய்விட்ட ஆண்களுக்கு, மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு அங்கே நடந்தது. மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி, அது எல்லோருக்கும் உண்டு. தினமும் ஒரு பழைய மாத்திரை, அதுவும் எல்லோருக்கும். மூன்றாவதாக ஒரு மஞ்சள் மாத்திரை. அதில்தான் விஷயமே. பாதிப் பேருடைய மஞ்சளில் புது மருந்து இருந்தது. மீதிப் பேருடையதில் ஒன்றுமே இல்லை, வெறும் மாத்திரை. பார்க்கவும் விழுங்கவும் இரண்டும் ஒன்றுதான். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது. கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியும். அது ஆய்வு முடியும்வரை வாயைத் திறக்காது.

நோயாளிகளில் பதினோரு பேருக்கு நம் மொழிதான் சரளமாக வரும். வேலைக்கென்று வந்து இங்கேயே வயதாகிவிட்டவர்கள். வாரம் ஒரு முறை அவர்களுக்குப் போன் செய்து, பன்னிரண்டு கேள்விகள் கேட்டு, பதிலை எழுதுவதற்காகத்தான் என்னை எடுத்தார்கள். கேள்வியை அச்சில் இருக்கிறபடியே படிக்க வேண்டும். யோசனை சொல்லக் கூடாது. ஆறுதல் சொல்லக் கூடாது. 'அச்சச்சோ' என்றுகூட வாயில் வரக் கூடாது. வந்தால் எதிரில் இருப்பவர் வலியைக் கூட்டியோ குறைத்தோ சொல்ல ஆரம்பித்துவிடுவார் என்று தலைமை நர்ஸ் பயிற்சியில் சொன்னார். அவரிடமிருந்து மெயில் வந்தால் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் மூடுவேன். இந்த வேலை போனால் இந்த நாட்டில் இருக்கும் அனுமதியும் போய்விடும்.

லிஃப்ட்காரரிடம் மட்டும் அச்சில் இருக்கிறபடி படிப்பது கஷ்டமாக இருந்தது.

"ஐயா, கடந்த ஏழு நாட்களில் உடலில் திடீர்ச் சூடு பரவியதா?"

"பரவுதாவா? உள்ள யாரோ ஹீட்டரைப் போட்டுட்டு அணைக்க மறந்துட்டுப் போயிட்டாங்கம்மா. என் பொண்டாட்டிக்கு நாப்பத்தெட்டு வயசுல இப்படித்தான், விசிறிக்கிட்டே நடப்பா. நான் சிரிப்பேன். இப்ப அவ போட்டோவுல இருந்து சிரிக்கிறா."

"எத்தனை முறை, ஐயா?"

"அவ சிரிச்சதா?"

"சூடு."

"ஒரு நாளைக்கு ஆறு. எழுதிக்கோ."

"சோர்வு எந்த அளவில் உள்ளது? பூஜ்யத்திலிருந்து நான்கு வரை."

"ரெண்டாவது மாடியில நிக்குது. மேலயும் போகல, கீழயும் வரல."

ஏழாம் கேள்வி இது: கடந்த ஏழு நாட்களில் கீழே விழுந்தீர்களா? மஞ்சள் மாத்திரை சிலருக்குத் தலைசுற்றலைக் கொண்டுவரும் என்பதால் அந்தக் கேள்வி. ஒரு மாதத்தில் இரண்டு முறை விழுந்தால் மஞ்சளை நிறுத்திவிட வேண்டும் என்று நோயாளிகளுக்குக் கொடுத்த தாளிலேயே எழுதியிருந்தது.

"நாப்பது வருஷம் லிஃப்ட் குழிக்குள்ள தொங்கினவன்மா. நானா விழுவேன்?" என்பார் ஒவ்வொரு வாரமும். 'இல்லை' என்று எழுதுவேன்.

பன்னிரண்டாம் கேள்வி, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா. மற்ற பத்துப் பேரும் "ஒண்ணுமில்லம்மா" என்று வைத்துவிடுவார்கள். இவருக்கு அதுதான் முதல் கேள்வி. அவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் வாரத்துக்கு மூன்று நாள் ஓடுவதில்லை. சரி செய்ய வருகிற பையன்களுக்குத் திருகாணியைப் பிடிக்கத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு நாள், "டிவியை விட்டா, இந்த வாரம் இந்த வீட்டுக்குள்ள கேட்ட மொத குரல் உன்னுதுதான்" என்றார். பதில் பேச எனக்கு அனுமதி இல்லை. ஆனால் போனை வைத்துவிட வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை. வைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

எனக்கும் அந்த வாரத்தில் நம் மொழியில் நீளமாகக் கேட்ட குரல் அவருடையதுதான்.

நான் இருந்த அறை ஒரு சலவைக் கடைக்கு மேலே. கீழே மெஷின் வேகமெடுக்கும்போது என் கட்டிலும் சேர்ந்து அதிரும். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவரும் அதில் ஒரு தண்ணீர்க் குழாயும். ஆபீஸில் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் சிரிக்கிற விஷயம் எனக்குப் புரிவதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்கள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

தினமும் ஒரு மெசேஜ் வராவிட்டால் அம்மா சாப்பிட மாட்டாள். குரலை அனுப்பினால் முதல் வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிடுவாள். அதனால் போனிடம் பேசி, அதை எழுத்தாக மாற்றி அனுப்புவேன். எழுத்தில் குரல் தெரியாது. ஆனால் வேலை நாட்களில் எழுத்துக்காகக்கூட என்னால் சந்தோஷமாகப் பேச முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, நன்றாகத் தூங்கி எழுந்த மதியத்தில், ஒரு மணி நேரம் மட்டும் அது முடிந்தது. எனவே ஞாயிறு மதியம் கட்டிலில் உட்கார்ந்து, வாரம் முழுவதுக்குமான ஏழு மெசேஜையும் ஒரே மூச்சில் பேசி முடித்துவிடுவேன். ஒவ்வொன்றுக்கும் நாளும் நேரமும் குறித்து வைத்தால் போனே தினமும் ஒரு மணிக்கு அனுப்பிவிடும்.

"அம்மா, இன்னிக்குக் கூட வேலை செய்யிற பொண்ணுக்குப் பிறந்தநாள், பெரிய துண்டா கேக் குடுத்தா." "அம்மா, இன்னிக்கு எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம், ஒரே சிரிப்பு." ஏழு மாதம் இப்படியே ஓடியது.

ஆய்வில் சேர்ந்து ஐந்தாவது மாத முடிவில் லிஃப்ட்காரர் நேரில் வந்தார். மாதம் ஒரு முறை எல்லோரும் வந்து ரத்தம் கொடுத்து, காலி பாட்டிலையும் டைரியையும் ஒப்படைக்க வேண்டும். முந்தின மாதங்களில் அவர் வந்தபோதெல்லாம் மேஜையில் வேறொருவர்தான் இருந்தார். போனில் கேட்ட குரலுக்கு நான் ஒரு குள்ளமான மனிதரை நினைத்திருந்தேன். வந்தவர் நல்ல உயரம், தோள் மட்டும் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். முதல் நாளிலிருந்து அவருடைய பி.எஸ்.ஏ. அளவுகளை வரிசையாக எழுதி வைத்திருந்தார். நோய் ஏறினால் ரத்தத்தில் ஏறும், இறங்கினால் இறங்கும் எண் அது.

"எண்பத்தாறாவது மாடியில இருந்தேன். மூணாவது மாடிக்கு இறக்கிட்டீங்க. இன்னும் கொஞ்சம் இறங்கினா கதவைத் திறந்துக்கிட்டு வெளிய நடந்துருவேன்."

டைரியை வாங்கிப் பார்த்தேன். நாளுக்கு ஒரு வரி. மாத்திரை எடுத்த நேரம், சூடு, சோர்வு, விழுந்தீர்களா. மற்றவர்கள் டைரியில் டீக் கறை இருக்கும், நடுவில் நான்கு நாள் விட்டுப்போயிருக்கும், பேரப்பிள்ளை ஒரு பூனை வரைந்திருக்கும். இவருடையது கடையில் வாங்கியதுபோல் இருந்தது. இருபத்தெட்டு வரி, இருபத்தெட்டு 'காலை 8.00', ஒரே நீலம், ஒரே சாய்வு. பார்க்கவே திருப்தியாக இருந்தது. 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டேன்.

அவர் முழங்கைக்குக் கீழே மஞ்சளும் பச்சையுமாக ஒரு பெரிய கன்றல் தெரிந்தது.

"அலமாரிக் கதவு" என்றார், நான் கேட்கும் முன்பே.

அடுத்த வாரம் வியாழக்கிழமை ஊரே நின்றுபோனது. முந்தின நாள் மாலையில் ஆரம்பித்த காற்று காலையிலும் அடங்கவில்லை. பஸ், ரயில் எதுவும் இல்லை. வீட்டிலேயே இருங்கள் என்று ஆபீஸிலிருந்து செய்தி வந்தது. கரண்ட் இல்லாததால் கீழே மெஷினும் ஓடவில்லை. அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. போர்வையைத் தலை வரை இழுத்துப் போட்டுப் படுத்திருந்தேன். ஒன்றரை மணிக்கு அம்மாவின் போன்.

"எங்கடி இருக்க?"

"ஆபீஸ்லம்மா."

"ஆபீஸ்லயா. பஸ்ல கூட்டம் இருந்துச்சா?"

"இல்லம்மா, காலியாத்தான் இருந்துச்சு."

"ஆமா, மெசேஜ்லயும் போட்டிருக்க. ஜன்னல் சீட்டு கெடச்சுச்சு, நல்ல வெயில், வழியெல்லாம் பாத்துக்கிட்டே வந்தேன்னு." அம்மா நிறுத்தினாள். "உங்க ஊர்ல மரம் விழுந்து கார் அப்பளமா நசுங்கிக் கெடக்குது, பஸ் ஒண்ணுகூட ஓடலன்னு காலையில இருந்து டிவியில காட்டறான். நீ எந்தப் பஸ்ல ஏறின?"

பின்னாலிருந்து தம்பி குரல் கேட்டது. "அக்காவுக்குன்னு தனியா விட்டிருப்பாங்கம்மா. ஏசி பஸ்."

"நீ சும்மா இருடா."

நான் எழுந்து உட்கார்ந்தேன். ஞாயிறு மதியம் பேசியது, குறித்த நேரத்துக்கு அதுபாட்டுக்குப் போயிருக்கிறது. எதைச் சொன்னாலும் இன்னொரு பொய் வேண்டும். உண்மையைச் சொன்னேன். ஏழு மெசேஜ், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏழு மாதம்.



"கேக் குடுத்தாளே, அவளாவது இருக்காளா?"

"இல்லம்மா."

"சாப்பிட்டியா? அதையாவது நெசமாச் சொல்லு."

"இன்னும் இல்ல."

"எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு" என்றாள். "எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு நாள்கூட நீ சலிச்சுக்கல. என் பொண்ணு ஒரு நாள் முழுக்கச் சலிச்சுக்காம இருந்து நான் பாத்ததே இல்ல. யாரு எழுதறாங்கன்னு நெனச்சுக்கிட்டே படிப்பேன். ஆனா நீ சந்தோஷமா இருக்கேன்னு எழுதினா, நம்பத்தானே தோணும்."

வெள்ளிக்கிழமை பஸ் ஓடியது. ஆபீஸுக்குப் போனதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் லிஃப்ட்காரரின் டைரியை எடுத்தேன். இருபத்தெட்டு வரி, ஒரே நீலம். எட்டு மணிக்கு ஒரு நிமிடம் முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. ஒரு நாள்கூட அவர் சலித்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு எனக்கு ஏன் திருப்தியாக இருந்தது என்று இப்போது புரிந்தது. நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அவருடைய ஸ்கேன் அறிக்கையைத் திறந்து பார்த்தேன். இடது இடுப்பெலும்பில் நோய் அரித்திருந்தது. அந்த எலும்பு முறிந்தால் கூடுவது கஷ்டம் என்று பயிற்சியில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். ஐந்து நாள் காத்திருந்தேன். காத்திருந்திருக்கக் கூடாது. ஆனால் கேள்வி கேட்கும் நாள் புதன்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன் மூன்று மணி.

"கடந்த ஏழு நாட்களில் கீழே விழுந்தீர்களா?"

"நாப்பது வருஷம் லிஃப்ட் குழிக்குள்ள..."

"ஐயா, டைரியை எந்தப் பேனாவுல எழுதினீங்க?"

"இது எத்தனாவது கேள்வி?"

"கேள்வியில இல்ல."

அவர் வீட்டு டிவி சத்தம் குறைந்தது. அவர்தான் குறைத்திருக்க வேண்டும்.

"இருபத்தெட்டு நாளையும் ஒரே நாள்ல எழுதினீங்களா?"

"எங்க தொழில்ல ஒருத்தன் இருந்தான்" என்றார் மெதுவாக. "மெஷின் ரூம் பக்கமே போக மாட்டான். கீழ டீ குடிச்சுக்கிட்டே சோதிச்சதா எழுதற மூணு மாசக் கார்டுலயும் ஒட்டுக்காக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவான். நான்தான் அவனை மாட்டிவிட்டேன். வேலையே போச்சு அவனுக்கு."

"அப்போ நீங்க?"

"நான் என் உடம்புக்குத்தானே போட்டேன். இந்த லிஃப்ட்ல வேற யாரும் ஏறலையே."

"ஏறுவாங்கய்யா. இந்த மாத்திரையை நாளைக்குச் சாப்பிடப் போறவங்க எல்லாம் இந்த டைரியை நம்பித்தான் ஏறுவாங்க."

  பெரிய விஷயம் இல்லை என்பதுபோல் சொன்னார்.

"குளிக்கிற எடத்துல ஒரு தடவை. மாடிப்படியில ஒரு தடவை. அன்னிக்கு லிஃப்ட் ஓடல. படியில விழுந்தது ஒண்ணும் பெருசில்ல. ஒரு அரை மணி நேரம் அங்கயே உக்காந்திருந்தேன்."

"யாரும் வரலையா?"

"யாரும்மா வருவா?"

"அச்சச்சோ" என்று சொல்லிவிட்டேன்.

அதைக் கேட்டதும் அவர் குரல் மாறியது. "எழுதாதம்மா. எழுதினா மஞ்சளை நிறுத்திருவாங்க. எண்பத்தாறுல இருந்து மூணுக்கு வந்திருக்கேன். யாரு இறக்கினாங்கன்னு உனக்குத் தெரியுமா? மஞ்சளாக்கூட இருக்கலாம். நிறுத்தி, திரும்ப மேல போச்சுன்னா?"

"இடுப்பு உடைஞ்சுதுன்னா?"

"உடைஞ்சா பாத்துக்கலாம்." கொஞ்சம் நிறுத்தினார். "மஞ்சளை நிறுத்தினா இந்தப் புதன்கிழமையும் கெடையாது, இல்ல?"

"கெடையாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை நேர்ல வந்தாப் போதும்."

"பாத்தியா."

"நான் எழுதப் போறேன்யா."

"எழுது. விழவே இல்லைன்னு நான் சொல்லுவேன்."

"சொல்லுங்க. அதையும் எழுதிக்கிறேன்."

அவர் சிரித்ததுபோல் இருந்தது. இருமலாகவும் இருக்கலாம். பன்னிரண்டாம் கேள்வியை நான் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

எழுதினேன். இரண்டு முறை விழுந்திருக்கிறார், டைரி ஒரே நாளில் நிரப்பப்பட்டிருக்கிறது, அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது நான். தலைமை நர்ஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "நீ எப்படிக் கவனிக்காம விட்ட?" என்று கேட்டார். கவனித்தேன், எனக்கு அது பிடித்திருந்தது என்பதை அவருடைய மொழியில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். என் கோப்பில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் சேர்ந்தது. வேலை போகவில்லை.

மறுநாள் டாக்டர் அவரிடம் போனில் பேசினார், நான் நடுவில் மொழிபெயர்த்தேன். மஞ்சளை நிறுத்துகிறோம், ஊசியும் பழைய மாத்திரையும் தொடரும்.

"அது வெறும் மாத்திரையா இருந்துச்சுன்னா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லாததுக்கு விழுந்தவன் ஆயிருவேனே. கம்ப்யூட்டரைத் திறந்து பாத்துச் சொல்லச் சொல்லு."

சொன்னேன். முடியாது என்றார் டாக்டர். அதையும் சொன்னேன்.

"சரி. அந்தப் பொண்ணு லைன்ல இருக்காளா?"

"நான்தான்யா பேசறேன்."

"தெரியும். சும்மா கேட்டேன்."

அதன் பிறகு புதன் மூன்று மணிக்கு என் பட்டியலில் ஒரு வெற்றுக் கட்டம். பட்டியலில் இல்லாத நோயாளிகளை நாமாகக் கூப்பிடக் கூடாது. அந்த நேரத்தில் மற்ற பத்துப் பேரின் தாள்களை அடுக்கி வைப்பேன். அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்குவேன்.

ஞாயிறு மதியத்தில் இப்போது எதுவும் பேசி வைப்பதில்லை. அன்றன்றைக்குப் போனிடம் சொல்கிறேன். "அம்மா, இன்னிக்கு யார்கிட்டயும் பேசல. தலை வலிக்குது." அதற்கு அம்மா என்ன எழுதுவதென்று தெரியாமல் தைலம் தடவு என்று எழுதுவாள். சில நாள் நானும் எதுவும் அனுப்புவதில்லை. அவளுக்குக் கோபம் வரும். இரண்டு நாள் பேச மாட்டாள். பொய் சொன்ன நாட்களில் அவளாவது சந்தோஷமாக இருந்தாள் என்று தோன்றும்.

மூன்று மாதம் கழித்து லிஃப்ட்காரர் வந்தார். அது செவ்வாய்க்கிழமை. கையில் ஒரு தடி. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். சட்டைப் பைச் சீட்டில் முந்தின வாரம் வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் எடுத்த புது எண் சேர்ந்திருந்தது. மூன்று, நான்காகியிருந்தது. அது ஏற்றமா, சும்மா ஓர் அசைவா என்று இன்னும் மூன்று மாதம் போனால்தான் தெரியும் என்றார் டாக்டர்.

ஆய்வுக்கான ரத்தம் கொடுக்கப் போகும் முன் பையிலிருந்து ஒரு டைரியை எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

"ஐயா, மஞ்சளை நிறுத்தினவங்க டைரி எழுத வேண்டியதில்ல. இதை எங்கயும் சேர்க்க முடியாது."

"சேக்க வேணாம். பாரு, போதும்."

அவர் உள்ளே போனதும் திறந்தேன். அட்டை கசங்கி, முதுகு பிரிந்திருந்தது. நீலம், கறுப்பு, ஒரு வாரம் முழுக்கப் பென்சில். ஓரிடத்தில் எண்ணெய் பட்டு அடுத்த பக்கமும் தெரிந்தது. '7.40. விழல.' '9.15, தூங்கிட்டேன். விழல.' 'சூடு அஞ்சு தடவை. எரிச்சல். விழல.' ஒரு நாள் வெறும் கோடு. 'லிஃப்ட் ஓடல. கீழ போகல.' 'படியில கால் தடுமாறிச்சு, கம்பியைப் பிடிச்சுட்டேன். இதுக்கு என்ன எழுதறது?' புதன்கிழமைகளில் மட்டும் நேரம் வேறாக இருந்தது. 'புதன். 3 மணி. விழல.' அடுத்த புதன். '3 மணி. விழல.' அதற்கடுத்தது. '3 மணி. விழல. சொல்ல ஆளில்ல.'

கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு அவர் திரும்பி வந்தார்.

"அன்னன்னிக்கு எழுதினது. பேனாவைப் பாத்துக்கோ."

"பாத்தேன்யா."

தாளை எடுத்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நேரிலும் அதே பன்னிரண்டு கேள்விகள்தான். வரிசையாகப் படித்தேன். ஏழாவது வந்தபோது அவர் லிஃப்ட் குழியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "இல்ல" என்றார். எழுதினேன். கடைசிக் கேள்விக்கு வந்தேன்.

"வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அடுத்த ஆளு எப்போ?"

"நாலு மணிக்கு."

மணி மூன்றேகால். அவர் தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார், அது வழுக்கியது, இன்னொரு முறை சரியாகச் சாய்த்து வைத்தார். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.